முந்தாநாள் என்ன சாப்பிட்டீர்கள்?

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பதிவு பெற்ற டயட்டீஷியனிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள், மருத்துவமனை வரவேற்பறையில் வைப்பதற்கு. அரை நாள் வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதல் தொடக்கம் இது: "டயட்டீஷியன் உங்களைத் திட்டமாட்டார். கேள்விகள் கேட்பார். நீங்கள் உண்மையாகப் பதில் சொன்னால்"

அங்கேயே நின்றுவிட்டது. உண்மையாகப் பதில் சொல்லும் ஆள் ஒருவரை உதாரணத்துக்குத் தேடினேன். வந்து மாட்டியவர் கிரேன்காரர்.

2

புதிதாக எழும்பும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில், கிரேனின் உச்சிக் கண்ணாடிக் கூண்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அவர். சர்க்கரை ஏறிவிட்டது, மாத்திரை போட்டும் இறங்கவில்லை. அடுத்த பரிசோதனைக்குள் குறையாவிட்டால் தரையில் கம்பிக்கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைதான் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். மேலேயிருந்து ஊரையே பார்த்த மனுஷனுக்கு அது சாவுச் செய்தி மாதிரி.

டயட்டீஷியனைப் பார்க்கப் போன முதல் நாள், வெளியே காத்திருந்த ஒருவர் அவருக்கு ஒரு துப்புக் கொடுத்தார். அந்த அம்மா எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாராம்: நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்த மாணவனைப் போல ஆகிவிட்டார் நம்மவர். அடுத்த சந்திப்பிலிருந்து, போவதற்கு முந்தின நாள் மட்டும் முனிவர். வேகவைத்த காய், அளவான ரொட்டி, சர்க்கரை போடாத டீ. எல்லாம் நிஜமாகவே சாப்பிட்டது, அதனால் பொய் சொன்ன உறுத்தலும் இல்லை.

என் கதாபாத்திரம், என் காகிதத்தில் நிற்கிற ஆள், என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

இது போதாதென்று கூடவே வரும் மனைவி. கேள்வி அவருக்கு, பதில் இவளிடமிருந்து. மதியச் சாப்பாட்டு டப்பா நாள் தவறாமல் காலியாகத் திரும்புகிறதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே.

3

முதல் வரைவில் டயட்டீஷியனை விரலை ஆட்டி மிரட்டுகிறவராக எழுதினேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். இப்போது இருப்பவர் மேசையில் அளவுக் கிண்ணங்களும், ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ரப்பரில் செய்த கோழித்துண்டும் வைத்திருப்பவர். யார் சமைக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருப்பவர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சிக்கல் என்னவென்றால், கிரேன்காரர் சொன்ன சாப்பாட்டில் குறையே இல்லை, ரத்தத்தில் சர்க்கரையோ அப்படியே இருக்கிறது. அப்படியானால் மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று மருத்துவமனை டாக்டர் தயாராக இருந்தார்.

[அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே: சில வாரங்களுக்கு முன் ஒரு மதியம், கூண்டில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. கொக்கியில் தொங்கிய சுமை ஓர் ஆட்டம் ஆடி நின்றது. அதற்கு நேர் கீழே, ஏற்று இறக்கு என்று கையால் வழிகாட்டும் சைகைக்காரர் நின்றிருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, உங்களுக்கு நான் சொல்கிறேன்.]

4

அன்றும் முனிவராகத்தான் வந்து உட்கார்ந்தார். நேற்றைய பாடத்தை ஒப்பிக்க வாயைத் திறந்தார்.

"நேத்து வேண்டாம்," என்றார் டயட்டீஷியன். "முந்தாநாள் சொல்லுங்க."

மனைவி பதிலை ஆரம்பித்தாள். அவரே சொல்லட்டும் என்று டயட்டீஷியன் கையமர்த்தினார். கிரேன்காரர் ரப்பர்க் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றுக்குப் போகவோ சாப்பிடவோ கூண்டிலிருந்து இறங்கி ஏறினால் வேலை நின்றுவிடும். அதனால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, மதியம் சாப்பிடுவதும் இல்லை. வேலை முடிந்ததும் தெருமுனைக் கடையில் நின்றபடியே பன், இனிப்பு டீ, மறுபடி பன். அதற்குப் பிறகு வீட்டில், மனைவி போட்ட பத்தியச் சாப்பாட்டை நல்ல பிள்ளையாகச் சாப்பிடுவது.

"அப்போ அந்த டப்பா?" என்றாள் மனைவி.

"கீழ சைகை காட்டறவன் சாப்பிடுவான். நல்லா இருக்குன்னு சொல்வான்."

"அவன் சொல்றான். நீங்க ஒரு நாளாவது சொன்னீங்களா?"

அதற்கு நானும் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

5

டயட்டீஷியன் திட்டவில்லை. (கட்டுரையின் முதல் வரி மட்டும் பிழைத்தது.) பன்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை. கூண்டில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிற மாதிரி முட்டையும் கடலையும் இரண்டு சின்ன டப்பாக்களில் எடுத்துப் போக முடியுமா, தண்ணீர் குடித்துவிட்டு இறங்க ஒரு இடைவேளை கேட்க முடியுமா என்றார். கேட்டால் தருவார்கள்தான், இதுவரை கேட்டதில்லை என்றார் கிரேன்காரர். கேட்டதில்லையாம்! வாய் எதற்கு இருக்கிறது, பன் தின்னவா?

பிறகு டயட்டீஷியன் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரை டாக்டர் பாக்கற விஷயம். ஆனா அவர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். மாத்திரை போட்டுட்டு வயித்தக் காய விட்டா சர்க்கரை தடால்னு இறங்கிடும். மேல இருக்கும்போது எப்பவாவது கை நடுங்கியிருக்கா?"

மனைவி அவரைப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: ஆமாம் என்கிறார். உடனே கிரேனிலிருந்து இறக்குகிறார்கள். சாப்பாடும் மாத்திரையும் சரியானதும் திரும்ப ஏற்றுவார்களா? தெரியாது. அதை உறுதியாக எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

முடிவு இரண்டு: இல்லை என்கிறார். மனைவிக்குப் போன மூச்சு திரும்புகிறது. மாத்திரை கூடுகிறது. மறுநாள் வெறும் வயிற்றோடு ஏணியில் ஏறுகிறார், மதிய வெயிலில் கொக்கி

முடிவு மூன்று: அவருக்குப் பதிலாக மனைவியே சொல்லிவிடுகிறாள். இது நடக்காது. முதல் முறையாக அவளுக்குப் பதில் தெரியவில்லை.

கட்டுரை எங்கே என்று மருத்துவமனையிலிருந்து மூன்றாம் முறை கேட்டுவிட்டார்கள். "நீங்கள் உண்மையாகப் பதில் சொன்னால்" என்பதற்கு அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதக்கூடாது. கொக்கிக்கு நேர் கீழே, சைகைக்காரர் நிற்கிற இடத்தில், அந்த மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.