துண்டுக்கு அடியில் விழுந்த கட்டை

1

இப்பல்லாம் ஆளுங்க நடந்துக்கிற லட்சணமே சரியில்ல. வீட்டுக்கு வந்தவனை வாங்கன்னு சொல்ல ஆளில்ல. தலையைக் குனிஞ்சு போனைத் தேய்க்கான். சந்தையில மாட்டைத் தொட்டுப் பாக்காம போட்டோ புடிச்சு எங்கேயோ அனுப்பி விலை கேக்கான். ஒண்ணு கேட்டா 'ம்'. அதுக்கு மேல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துரும்.

எம் பேரு முகம்மது மைதீன். மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகு. அஞ்சாப்புக்கு மேல படிக்கல. கதை எழுதுற ஆளே இல்ல. ஆனா இந்தக் கதை ஒரு துண்டுக்கு அடியில பொறந்தது. எழுதாம விட்டா நெஞ்சுக்குள்ள கெடந்து முட்டுது. நம்புறதும் நம்பாததும் உம்ம இஷ்டம்வே. நானே பாதிதான் நம்புதேன்.

2

ஆரம்பம் ஒண்ணு: தாமிரபரணிக் கரையில் ஒரு மாலை நேரம், தண்ணீர் பொன்னைப் போல —

(வேண்டாம். ஆத்தை விட்ருவோம். ஏன்னு பின்னால சொல்லுதேன்.)

ஆரம்பம் ரெண்டு: ஒரு ஊரில் ஆரிப் என்று ஒரு வாலிபன் இருந்தான். அவன் மிகவும் —

(மிகவும் என்ன? எனக்கே தெரியல. அவன் எம் மவன். அரபு நாட்டுல, தம்மாமுல வேலை பாத்தான். கூடவே தங்கியிருந்த கூட்டாளி, வேலையிடத்துல மேலேருந்து விழுந்து மௌத்தாயிட்டான். இவன் கண்ணு முன்னால. அதோட ஊருக்கு வந்தவன் பேசல. சோறு போடவான்னா 'ம்'. எம் பொஞ்சாதி கமர் நிஷா அழுதும் பாத்தா, ஏசியும் பாத்தா. 'ம்'.)

ஆரம்பம் மூணு. இது நெசம்: சனிக்கிழமையானா அவன் எங்கேயோ போனான். ஒரு நாள் அவனுக்குத் தெரியாம அதே பஸ்ஸுல பின்னால ஏறிட்டேன். ஆத்துப் பாலத்துக்கிட்ட இறங்கிருவானோன்னுதான் எனக்கு பயம். பஸ்ஸு பாலத்தைத் தாண்டினப்பத்தான் மூச்சு வந்துது.

(ஆத்தை ஏன் கோடு போட்டு அடிச்சேன்னு இப்ப வெளங்குதா?)

3

டவுண் தெற்கு ரத வீதியில ஒரு கண்ணாடிக் கடை. அதுக்கு மேல மாடி, அவன் பின்னாலயே படியேறினேன். மேசையைச் சுத்தி மூணு பேரு: கடைக்காரர் சிவகணேஷ், பேங்க்ல வேலை பாக்குற வேணி, எம் மவன். நடுவுல தாயக்கட்டை மாதிரி உருட்டுற கட்டைங்க.

"சூதாடுதியாலே? ஹராம்லே!"

ஆரிப் தலையைக் குனிஞ்சுகிட்டான். வேணிதான் பேசுச்சு. "பந்தயமே கெடையாது பாய். இது கதை. ஆளுக்கு ஒரு ஆளை உண்டாக்கி, அந்த ஆளாவே நடக்கணும். சண்டை வந்தா கட்டை தீர்மானிக்கும்."

"உனக்கு முன்னால அந்த அட்டை மறைப்பு எதுக்கு?"

"கதையை நடத்துறது நானு. அரக்கனுக்காக நான் உருட்டுறதை நீங்க பாக்கக்கூடாது."

"அப்ப இதுல களவு இருக்கு."

"சரியாப் புடிச்சீரு பாய்," சிவகணேஷ் சிரிச்சாரு. "உக்காந்து நீரே காவல் இரும்."

உக்காந்தேன். விளையாட இல்ல, கண்காணிக்க.

4

ஆளை உண்டாக்குறது இப்படி: நாலு கட்டையை உருட்டி, சின்னதைத் தள்ளிட்டு, மிச்ச மூணைக் கூட்டணும். ஆறு தடவை. வர்ற ஆறு எண்ணையும் பலம், வேகம், தெம்பு, புத்தி, நிதானம், வசியம்னு ஆறு குணத்துக்குப் பிரிச்சு வைக்கணும். எனக்கு எண்ணு நல்லாத்தான் விழுந்துது. நாந்தான் தப்பு பண்ணினேன். நான் வாங்குற பக்கத்துத் தரகன். எதைக் கொண்டாந்து நிறுத்தினாலும் குறை சொல்லித்தான் பழக்கம்.

"பலத்துக்கு எது வைக்க?" வேணி கேட்டுச்சு.

"சின்னதை வையி. முன்னங்கால் நொண்டும்."

"பாய், இது உங்க ஆளு!"

"யாரு ஆளா இருந்தா என்ன, பல்லு தேஞ்சுபோச்சு. வேகமும் கெடையாது."

குறைச்சுக் குறைச்சுப் பேசி, பெரிய எண்ணு கடைசியில போக்கிடம் இல்லாம நிதானத்துல போயி விழுந்துது.

"பேரு?"

"கருத்தையா."

(சந்தையில என்னை ஏமாத்தினவன் பேரு. சொந்தப் பேரைக் குடுக்க நான் என்ன கிறுக்கனா?)

உண்மையைச் சொன்னா, இந்தக் கருத்தையா எனக்கே சரிப்படல. நொண்டிக் காலை வச்சுகிட்டு இந்தக் கதையை எங்கன கொண்டு சேர்ப்பான்? மாத்தி எழுதிரலாமான்னு பாத்தேன். ஆனா அன்னைக்கு உக்காந்திருந்தது அவன்தான்.

5

சண்டை. மலைக்குகையில அரக்கன். இருபது முகமுள்ள கட்டை, இலந்தைப்பழம் அளவு. அதை எல்லாரும் உருட்டணும், பெரிய எண்ணு முதல்ல அடிக்கும். உம்ம முறை வந்தா ஒரு நகர்வு, ஒரு காரியம். அடிக்கணும்னா திரும்ப உருட்டி, உம்ம பலத்துக்குன்னு உள்ள சின்னச் சலுகை எண்ணைக் கூட்டி, அரக்கனோட கவச எண்ணைத் தொடணும். தொட்டா இன்னொரு கட்டை, எவ்வளவு காயம்னு சொல்ல.

ஆரிப்போட வீரன் பாறை மேல நின்னு அடிச்சான். அரக்கன் திருப்பி ஒண்ணு போட்டான். வீரன் மேலேருந்து விழுந்தான்.

உசிரு எண்ணு பூச்சியமானாலும் உடனே சாவு இல்லையாம். முறைக்கு முறை உருட்டணும். பத்துக்குக் குறைஞ்சா கெட்டது. மூணு கெட்டது வந்தா முடிஞ்சுது. ரெண்டு வந்தாச்சு. ஆரிப் கட்டையையே வெறிச்சுப் பாத்தான். மூஞ்சியில ரத்தமில்ல. அவன் பாத்துகிட்டு இருந்தது அந்தக் குகையை இல்லன்னு எனக்குத் தெரியும்.

எம் முறை.

"ஓடிரும் பாய்," சிவகணேஷ் சொன்னாரு. "வாசல் பக்கத்துலதான்."

"காயத்துக்குக் கட்டும் போடலாம்," வேணி சொல்லுச்சு. "உங்க நிதானத்துக்கு உள்ள சலுகையைக் கூட்டி பத்து வந்தா பொழைச்சான்."

"கட்டுப் போடுதேன்."

தோள் துண்டை மேசையில விரிச்சு, அதுக்கு அடியில உருட்டினேன்.

(மாட்டு விலையை நாங்க வாயால பேசமாட்டோம். துண்டுக்கு அடியில கையைப் புடிச்சு விரலை அமுக்குவோம். எண்ணு அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.)

"வெளிய உருட்டுங்க பாய்!"

"நீ மட்டும் மறைப்புக்குள்ள உருட்டலாமோ?"

பைய துண்டைத் தூக்கி நான் மட்டும் பாத்தேன். "ஏலே, கையைக் குடு."

ஆரிப் கையைத் துண்டுக்குள்ள விட்டான். சில்லுன்னு இருந்துது. எண்ணை அமுக்கினேன். அப்புறம் திருப்பி, ஒரு விரல் கூடுதலா அமுக்கினான்.

"கட்டாது வாப்பா," சொன்னான். "கூட ஒண்ணு போட்டுக் குடுங்க."

எங்கிட்டயே பேரம்! சொல்லிட்டு சிரிச்சான்வே. பல்லு தெரிய. அல்ஹம்துலில்லாஹ்.

6

முடிவு ஒண்ணு: எண்ணு பெருசு, வீரன் எழுந்து —

முடிவு ரெண்டு: எண்ணு சிறுசு, இருந்தாலும் —

ரெண்டையும் அடிச்சாச்சு. நான் துண்டை உதறித் தோள்ல போட்டேன். கட்டை உருண்டு அலமாரிக்கு அடியில போயிட்டு. சிவகணேஷ் தவழ்ந்து தேடுதாரு.

"என்ன எண்ணு பாய்?" வேணி கேட்டுச்சு.

"தரகன் வெளிய சொல்லமாட்டான். அவங்கிட்ட கேளு. இனி அவன்தான் வாயைத் திறந்து சொல்லணும்."

உமக்கும் அதே பதில்தான். வீரன் பொழைக்கணுமா, எத்தனை வேணும்னு நீரே விரலை அமுக்கிச் சொல்லும்.

படியிறங்கினேன். மேல ஆரிப் சத்தமா என்னமோ சொல்லுதான், அவங்க ரெண்டு பேரும் எதுத்துக் கத்துதாங்க. அதைக் கேக்க நான் நிக்கல. அந்த மறைப்புக்குப் பின்னால அந்தப் பொண்ணு என்ன உருட்டுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? அதுல களவு இருக்குவே. மேலப்பாளையம் பஸ்ஸு வந்துது, ஏறிட்டேன்.