கடைசி நன்றி

வானொலியின் நேரலை இசை நிகழ்ச்சி அன்றோடு முடிகிறது. வந்த அழைப்புகள் எல்லாம் அறிவிப்பாளருக்குத்தான். “உங்க குரல் இல்லாம ஞாயித்துக்கிழமை எப்படிங்க விடியும்?” என்று ஒரு பெண் விம்மினாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளருக்கு வயிறு எரிந்தது. அந்தக் கரகரத்த குரலை வாரந்தோறும் இழைத்துக் கொடுத்தவர் அவர். அவரைப் பற்றி வானொலியில் ஒரு வார்த்தை வந்ததில்லை.

வாசித்து முடித்த வயலின்காரி உள்ளே வந்தாள். “அழுகை வந்தா அழுதுடுங்கண்ணே.”

“நான் எதுக்கும்மா? அவருக்கு அழத்தான் ஊரே இருக்கே.”

அறிவிப்பாளர் வாத்தியக்காரர்களுக்கு நன்றி சொன்னார், நேயர்களுக்குச் சொன்னார். பிறகு பேச்சு நின்றது. அவ்வளவுதானா என்று ஒலிப்பதிவாளர் பல்லைக் கடித்தார். அறிவிப்பாளரின் மைக் ஒலியை இறக்கி, முடிவிசையை ஏற்றினார்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசிக்கொண்டிருந்தார். கை இவரைக் காட்டியது. வாத்தியக்காரர்கள் எழுந்து இவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

“உங்களத்தாண்ணே சொல்றாரு. ரேடியோல போகுதில்ல?” என்றாள் வயலின்காரி.

ஒலிப்பதிவாளர் பதறி மைக் ஒலியை ஏற்றினார்.

“…இதுக்கு மேல என்ன சொல்ல, வணக்கம்” என்றது வானொலி.