முதலில் இறங்கியவர் மேடு

கடலோர சைக்கிள் சங்கத்தில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. எந்த மேட்டில் யார் முதலில் இறங்கி சைக்கிளைத் தள்ளுகிறாரோ, அந்த மேட்டுக்கு அவர் பெயர். வாய்வார்த்தையோடு போகிற விஷயம் இல்லை. சங்கம் போடும் வழிப்படத்தில் அச்சாகும், பழைய கோட்டை வாசலில் இருக்கும் போர்டிலும் ஏறும். துறைமுகம், கோட்டை மதில், இடிந்த சுங்கச்சாவடி, கலங்கரை விளக்கம் என்று கடலை ஒட்டியே போகும் அந்தப் பாதையில் பேக்கரிக்காரர் மேடு இருக்கிறது, பல் டாக்டர் மேடு இருக்கிறது, பல் டாக்டர் இரண்டாம் மேடும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இவர்களெல்லாம் அந்தக் காலத்துத் தளபதிகள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சர்வேயர் பெயரில் மட்டும் மேடு கிடையாது. வழிகளை அளந்து, எது எளிது எது கடினம் என்று எழுதுகிறவரே அவர்தான். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இறங்கித் தள்ளியதில்லை. தலை முழுக்க நரைத்த பிறகும் அப்படியே. "தள்ளாத வயசுன்னா என்னன்னு சர்வேயர் சாரைப் பாத்தாத்தான் தெரியுது" என்பார் பல் டாக்டர். வயிற்றெரிச்சல், வேறென்ன. சர்வேயர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு அன்று காலையில் கிளம்பவே மனம் இல்லை. காரணம், பக்கத்தில் நின்று கைக்குட்டையால் சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தி.

மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா அவர். லிப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷர்தான், ஆனால் தொட்டாற்சிணுங்கி. இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் அவர் முகம் பாதி வெட்டுப்பட்டுப்போனதற்கு ஒரு மாதம் போனை எடுக்கவில்லை. கல்யாணத் தேதியே தள்ளிப்போயிற்று. அப்படிப்பட்டவரிடம் போய், "வாங்க சம்பந்தி, ஒரு நாள் எங்களோட சைக்கிள்ல வாங்க, சுலபமான வழிதான்" என்று சர்வேயர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்பா, எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ தெரியாது. சிரிச்ச முகத்தோட திருப்பி அனுப்பிடுங்க" என்று மகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை கல்யாணம் தள்ளிப்போச்சுன்னா, நான் உங்ககூட பேசவே மாட்டேன்."

சொன்ன கையோடு ஒரு புது ஷூவையும் பரிசாகக் கொடுத்தாள். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ. குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் கால் விடுபடும். இதைப் போட்ட எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்தே தீருவார்கள் என்று கடைக்காரன் சொன்னதை, சர்வேயர் தனக்குப் பொருந்தாத செய்தியாக எடுத்துக்கொண்டார்.

சங்கத்துச் செயலாளர் கணக்கு டீச்சர் விசிலை ஊதினார். "மண் சரிஞ்சு மூடிக் கிடந்த பீரங்கிப் பாதையைத் திறந்துட்டாங்க. இன்னைக்கு அது வழியாத்தான் கலங்கரை விளக்கத்துக்கு ஏறப் போறோம். அந்த மேட்டுக்கு இன்னும் பேர் வைக்கல. புரியுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. சம்பந்திக்கு மட்டும் பல் டாக்டர் காதோடு விளக்கிச் சொன்னார். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். "முப்பது வருஷமா ஜனங்களை மேல ஏத்தி விட்டவன் நான். நான் ஏற மாட்டேனா?"

சர்வேயருக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இருந்திருக்காது. பாதை திறக்கும் முன்பே தனியாகப் போய் அளந்துவிட்டு வந்து, 'சிறு ஏற்றம், குழந்தைகளும் ஏறலாம்' என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஆனால் அளக்கப் போன போதெல்லாம் காற்று முதுகில் அடித்தது. முதுகில் காற்று அடித்தால் கழுதைகூட தன்னைக் குதிரை என்றுதான் நினைத்துக்கொள்ளும். இன்று காற்று எதிரே அடித்தது. சுங்கச்சாவடி தாண்டும் முன்பே சர்வேயருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பீரங்கிப் பாதை, பெயருக்கு ஏற்றபடி, ஒரு காலத்தில் பீரங்கிகளைக் கோட்டைக்கு இழுத்துப் போகப் போட்ட கல் பாதை. ஒரு பக்கம் பாசி பிடித்த மதில், மறு பக்கம் கீழே கடல். அழகுக்குக் குறைவில்லை, பார்க்கத்தான் ஆளில்லை. எல்லோரும் தங்கள் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மூச்சிரைத்தார்கள். டீச்சர் மேலே இருந்த வளைவில் போய் நின்றுகொண்டு, யார் இறங்குகிறார்கள் என்று பரீட்சை ஹாலில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறு ஏற்றம்னுதானே எழுதியிருந்தீங்க?" என்றார் சம்பந்தி, மூச்சுக்கு நடுவே.

"காத்து... கொஞ்சம் மாறிடுச்சு."

சம்பந்தியின் முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்திருந்தது. சைக்கிள் இடமும் வலமும் ஆடியது. இன்னும் சற்று நேரத்தில் இறங்கிவிடுவார். இறங்கினால் அவர் பெயர் மேட்டுக்கு, மேடு போர்டுக்கு. பாதி முகத்துக்கே ஒரு மாதம் என்றால், முழுப் பெயருக்கு எத்தனை மாதம்? மகளின் கல்யாணம் எந்த வருஷம்?

சர்வேயர் பல்லைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷப் பெருமை பெரிதா, பெற்ற பெண் பெரிதா? கேள்வி எளிதாகத்தான் இருந்தது. பதில் சொல்லத்தான் நெஞ்சு வலித்தது. சரி, போகட்டும், நாமே முதலில் இறங்கித் தள்ளிவிடுவோம் என்று பிரேக்கைப் பிடித்துக் காலை எடுத்தார்.

கால் வரவில்லை.

குதிகாலைத் திருக வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், சைக்கிளோடு சேர்ந்து, மதில் ஓரப் புல்லில் போய்ப் படுத்துக்கொண்டார். கால் இன்னும் பெடலோடுதான் இருந்தது.

"ஐயோ, சம்பந்தி!" லிப்ட் மெக்கானிக் குதித்து இறங்கினார். தன் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, சிக்கிய காலை விடுவித்து, ஆளைத் தூக்கி நிறுத்தி, தூசியைத் தட்டிவிட்டு, "நீங்க மெதுவா நடந்து வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு சைக்கிள்களையும் இரு கையில் பிடித்துத் தள்ளத் தொடங்கினார்.

மேலே விசில் சத்தம் கேட்டது. "மெக்கானிக் மேடு!"

"டீச்சர், அநியாயம்! நான்தான் முதல்ல இறங்கினேன்!" சர்வேயர் நொண்டிக்கொண்டே ஓடினார்.

"நீங்க இறங்கல சார். விழுந்தீங்க."

"எனக்கு உதவி பண்ணத்தானே அவரு..."

"தள்ளினவர் பேரு. விதி விதிதான்."

கலங்கரை விளக்கத்தின் படியில் சம்பந்தி தனியாக உட்கார்ந்து கடலையே வெறித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சர்வேயர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி."

"அந்தப் போர்டுல நிஜமாவே எழுதுவாங்களா?"

"நீங்க கவலையே படாதீங்க. நான் பேசி எடுக்க வச்சிடறேன்."

"எடுக்கறதா?" சம்பந்தி திரும்பினார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. "ஏன் எடுக்கணும்? நான் தள்ளலையா? டீச்சர் பாத்தாங்களே!"

சர்வேயர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஊர்ல பாதி லிப்ட் நான் மாட்டினது. ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேரு பெரிசா இருக்கும், எத்தனை பேர் ஏறலாம்னு இருக்கும். மாட்டினவன் பேரு எங்கயாவது இருக்கா? எடுத்த படத்துலயும் பாதிய வெட்டிட்டாங்க." அப்புறம் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "ஏம்மா, கேட்டியா? மேடு. ஆமா, முழு மேடு. கோட்டை வாசல்ல போர்டு வைக்கறாங்க. கல்யாணத்துக்கு வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டணும். தேதிய இன்னும் முன்னாடி வைக்க முடியுமான்னு பாரு."

சர்வேயருக்கு அப்பாடா என்று இருந்தது. மகளை நினைத்து மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு அடியில் என்னவோ உறுத்தியது. என்னவென்று அவருக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பொறாமை. பல் டாக்டருக்கு இரண்டு, வந்த முதல் நாளே சம்பந்திக்கு ஒன்று. இந்தக் கடற்கரை முழுக்க அளந்தவருக்கு ஒரு சாண் மேடு இல்லை. இத்தனை நாள் அதைத்தான் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது முதுகில் காற்று. எல்லோரும் பறந்தார்கள். மீன் ஏலக் கூடத்துக்கு முன்னால் ஒரு வாய்க்காலும், அதன் மேல் ஒரு குட்டிப் பாலமும் வந்தது. சர்வேயர் குதிகாலை ஒழுங்காகத் திருகி, இறங்கி, சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார்.

பின்னால் வந்த மொத்தக் கூட்டமும் பிரேக் போட்டது.

"என்ன சார், கால் வலிக்குதா?" டீச்சர் பதறினார்.

"இல்ல."

"சைக்கிள்ல ஏதாவது?"

"இல்ல டீச்சர். தள்ளறேன். பாத்துக்குங்க."

பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது மேடே இல்லையே!"

"அளந்தவன் நான் சொல்றேன், மேடுதான்!"

"தள்ளுங்க சம்பந்தி, தள்ளுங்க!" என்று லிப்ட் மெக்கானிக் தொண்டை கிழியக் கத்தினார்.

டீச்சர் சிரிக்கவில்லை. விதி விதிதான். சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, பாலத்தின் மேல் படுக்கவைத்துவிட்டு, சரிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எல்லோரும் குனிந்தார்கள். சர்வேயர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டில் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, போனால் போகிறது என்பதுபோல, மெதுவாக உருண்டது.

டீச்சர் விசிலை ஊதினார்.