முயலின் மேல் போட்ட பழி

1

இந்தக் கதை படிக்கட்டில் கிடைத்தது. கஜகஸ்தானின் செமேய் நகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரி குன்சுலு, ஐந்தாம் மாத ஸ்கேனை முடித்துக்கொண்டு வந்தவள், வீட்டுக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க கதை எழுதுறவங்கதானே? எங்க வீட்டுல இதை எப்படிச் சொல்றதுன்னு சொல்லுங்க."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திரையில் பனி பெய்துகொண்டிருந்தது, அதற்குள் ஒரு குழந்தை...'

(விட்டுவிட்டேன். அழகு கூடிப்போயிற்று. ஆனால் அவள் கண்டது அதைத்தான். சாம்பல் நிறப் பனிக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லத் திரும்பியது. மேலுதட்டில் ஒரு பிளவு.)

2

அவள் கணவன் செய்த்காசிக்கு வேட்டையில் பைத்தியம். முதல் பனி விழுந்தபோது ஒரு முயலை அடித்து வந்தான். இருவரும் ஆசையாகத் தின்றார்கள். பிள்ளைத்தாய்ச்சி முயல்கறி தின்றால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள் இங்கே. (நம் பக்கம் கிரகணத்தைச் சொல்வோம். பழி சுமக்க எங்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.)

விஷயம் தெரிந்ததும் அவன் துப்பாக்கியை யாருக்கோ கொடுத்துவிட்டான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"முயலாம் முயல்!" என்றாள் அவன் தாய் உர்கியா. "நான் சின்னவளா இருந்தப்போ இந்தப் புல்வெளியில அணுகுண்டு வெடிச்சுப் பார்ப்பாங்க, ஜன்னல் எல்லாம் ஆடும்டா. அந்தப் புழுதியைத் தின்னு வளர்ந்தவ நான். அழணும்னா நான்ல அழணும்?"

3

டாக்டர் ரைஹானைக் கடுகடுப்பானவராக எழுதப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.

"முயலை எப்போ தின்னீங்க?"

"நாலாம் மாசம்" என்றான் செய்த்காசி, தரையைப் பார்த்து.

"உதடு ரெண்டாம் மாசத்துலயே சேர்ந்து முடிஞ்சிடும்பா. அப்போ உன் முயல் புல்வெளியில பொண்டாட்டி தேடிக்கிட்டு இருந்திருக்கும்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"அப்போ இந்த மண்ணுதானா, டாக்டரம்மா?" என்றாள் உர்கியா.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில குறை பரம்பரையில வரும். சிலது ஃபோலிக் அமிலம் குறைஞ்சா, சர்க்கரை ஏறினா, சில மாத்திரையால, கர்ப்பத்துல வர்ற அம்மையால. பெரும்பாலும் ஏன்னே தெரியாது. தெரியாதுன்னு சொல்றதும் என் வேலைதான்."

பிறகு குன்சுலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உதடு மட்டும்னா தைச்சிடலாம். கூடவே இதயத்துல, மரபணுவுல ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். பனிக்குட நீரை ஊசியால எடுத்துப் பார்க்கலாம். ஊசியிலயும் கொஞ்சம் ஆபத்து உண்டு. நீதான் சொல்லணும்."

கணவனும் மாமியாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"எடுங்க" என்றாள் குன்சுலு.

4

காத்திருந்த நாட்களில் அவளுக்கு ஒரே கனவு. வெள்ளைப் புல்வெளியில் யாரோ முதுகு காட்டி நடக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

ஒரு முடிவு: 'சோதனையில் தெரிந்தது என்னவென்றால்...'

(எழுதவில்லை. அங்கே மோசமான செய்தி கேட்டுத் திரும்பிய பெண்களையும் எனக்குத் தெரியும். பெற்றவர்களும் உண்டு, வேண்டாமென்றவர்களும் உண்டு. அவர்களுக்குத் தீர்ப்பு எழுத நான் யார்?)

நடந்தது இது: இதயம் நன்றாக இருந்தது, மரபணுவும். மே மாதம் பெண் பிறந்தாள். இன்கார் என்று பெயர் வைத்தார்கள். பால் குடிக்கும்போது பிளவு வழியாகக் காற்று புகும். குன்சுலு விரலால் அதை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

5

இன்று காலை அறுவைச் சிகிச்சைக்குப் புறப்படுகிறார்கள். போர்வைக்குள்ளிருந்து இன்கார் சிரித்தாள். பிளவு இருப்பதால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நிற்காது. மூக்குவரை ஏறி முகம் முழுக்கத் திறந்துகொள்ளும்.

"அக்கா, தைச்சிட்டா இது போயிடும்ல?"

"வேற சிரிப்பு வரும்."

"அது வரட்டும். இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

கீழே செய்த்காசி காரில் ஹாரன் அடிக்கிறான். தைத்த பிறகு வரும் முகத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது நேரமில்லை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.