திரும்பி வந்த மிக்சி

கோயமுத்தூர் வேலாமணி விற்ற மிக்சி திரும்பி வந்தபோது பெட்டிக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மிக்சி வாங்கினவளின் மாமனாராம். பெயர் நாச்சிமுத்து. பெட்டியின்மேல் 'ஓடவில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

'நீங்கள் விற்ற பொருளே திரும்பி வந்துள்ளது. ஒப்புக்கொள்ளவும். இல்லையேல் உங்கள் கடை மூடப்படும்' என்று செல்போனில் தகவல் வந்தது. அந்தச் செல்போனுக்குள்தான் அவளுடைய கடை. வேறு பிழைப்பு கிடையாது. அதற்காக மனுஷனை மிக்சி என்று சொல்லிவிட முடியுமா? நாச்சிமுத்துவையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு, அந்த ஆன்லைன் சந்தையின் புகார் ஆபீசுக்கே போய்விட்டாள்.

அங்கே வாங்குகிறவர்களுக்கு வாசலிலேயே கவுண்டர். விற்கிறவர்களின் கவுண்டர் நடக்க நடக்கத் தள்ளிப் போனது. வேலாமணியா விடுவாள்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப் போய் எட்டிப் பிடித்தாள். உள்ளே இருந்த அதிகாரியும் அதோடு நின்றார்.

"இவரு மனுசருங்க," என்றாள்.

"வாங்கினவங்க மிக்சின்னு சொல்லியிருக்காங்களே அம்மணி."

"பேக்கிங் பண்றப்ப வீடியோ எடுத்திருக்கறனுங்க. பாருங்க."

ஒவ்வொரு பெட்டியையும் கட்டும்போது வீடியோ எடுத்து வைப்பது அவள் வழக்கம். நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. அதிகாரி முழுவதும் பொறுமையாகப் பார்த்தார்.

"மிக்சி தெரியுது. அது இவரு இல்லைன்னு எங்க தெரியுது?"

"அவரையே கேளுங்க."

"விக்கறவங்க பக்கத்துச் சாட்சிய நாங்க கேக்கறதில்லீங்க. ஓட்டித்தான் பாப்போம்."

சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். நாச்சிமுத்து வேலாமணியின் முகத்தைப் பார்த்தார். தன்னால் ஒரு பெண்ணின் பிழைப்புக் கெடுகிறதே என்று அந்த மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. வாயைத் திறந்து "கிர்ர்ர்" என்றார்.

"நல்லா ஓடுதே," என்றார் அதிகாரி. "புகார் தள்ளுபடி. விக்கறவங்க யாரும் இங்க ஜெயிச்சதே இல்லீங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க. பெட்டியில போட்டு அவங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிருங்க."

நாச்சிமுத்து தானாகவே பெட்டிக்குள் இறங்கிக் காலை மடக்கிக்கொண்டார்.

"அனுப்பிருங்க அம்மணி. அங்க எனக்குச் சமையக்கட்டு மூலைதான். பழகிப்போச்சு," என்றவர் மறுபடி கிர்ரென்றார்.

வேலாமணிக்கு வந்ததே ஒரு கோபம். அவரைத் தூக்கி வெளியே நிறுத்திவிட்டு, பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினாள்.

"மனுசருன்னு எழுதுங்க."

"எழுதினா உங்க கடை போயிருமுங்க."

"போகட்டும். எழுதுங்க."

எழுதினார். செல்போனுக்குள் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியவரைக் கைப்பிடித்துத் தெருவில் இறங்கினாள். அவருக்கு அந்தக் கிர்ர் சத்தத்தை நிறுத்தத் தெரியவில்லை. வாயைப் பொத்திப் பார்த்தார், அப்போதும் கிர்ரென்றது.

எதிரே வந்த ஒருத்தி நின்று காதுகொடுத்துக் கேட்டாள்.

"மிக்சி ஜோரா ஓடுதே. எங்க வாங்கினீங்க?"

"எங்கப்பாங்க," என்றாள் வேலாமணி.