வெள்ளிக்கிழமைகளில் டோஃபு

தியாகராஜாவுக்கும் அந்த வெள்ளைப் பூனைக்கும் இடையே இரண்டு ஆண்டுகளாக ஒரு வார்த்தைகூடப் பேச்சு நடந்ததில்லை. இருவருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது.

காலையில் அவர் பிரம்பு நாற்காலியில் புத்தகத்தோடு உட்காருவார். பூனை எதிரே தையல் இயந்திரத்தின் மேல் உட்காரும். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டுவார். பூனை ஒரு காதைத் திருப்பும். வீட்டுக்குப் பின்னால் எஞ்சி நிற்கும் ரப்பர் மரங்களில் காய் ஒன்று வெடித்தால், இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒரே நேரத்தில் தாழ்த்துவார்கள். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பேராக் மாநிலத்துக் காடுகளில் எல்லைக்கல் நட்டவருக்கு, மனிதர்களின் பேச்சு எப்போதுமே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் அதிகப்படியாயிற்று. மனைவி சாரதாதேவி ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவர் பேசியது ஒன்பது சொற்கள், அவற்றில் நான்கு, ஆமாம் என்பதற்கான யாழ்ப்பாணத்து "ஓம்" என்று அறிவித்தார். அவர் பத்தாவதாக இன்னொரு ஓம் சொன்னார்.

பூனை உண்மையில் மகளுடையது. சிவாஜினி கோலாலம்பூரில் வழக்கறிஞர். அவள் அப்போது குடியிருந்த அடுக்குமாடியில் பூனைக்கு அனுமதி இல்லாததால், செமோரை ஒட்டிய இந்தத் தாமான் குடியிருப்புக்குக் கொண்டுவந்து பெற்றோரிடம் விட்டாள். விடும்போதே குளிர்பதனப் பெட்டியின் கதவில் மூன்று விதிகளை அச்சடித்து ஒட்டினாள். இரண்டாவதும் மூன்றாவதும் தடுப்பூசியையும் தண்ணீரையும் பற்றியவை. முதல் விதிதான் முக்கியம். எந்தக் கதவின் வழியாகவும், எந்தச் சன்னலின் வழியாகவும், எந்தக் கிரில்லின் வழியாகவும் டோஃபு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. சாலையில் கல்லுடைப்பு லாரிகள் நாள் முழுவதும் ஓடின. பின்னால் ரப்பர் மரங்களுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பு இருந்தது. கோழி காணாமல் போன வீடுகளில் அதற்கு நல்ல பெயர் இல்லை. அதற்கு மேலும் சந்தேகம் வந்துவிடாதபடி, வெளியே திரியும் பூனைகளின் ஆயுள் குறைவு என்று சொல்லும் கட்டுரைகளை மாதத்துக்கு ஏழெட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். தியாகராஜா எல்லாவற்றையும் வாசித்தார். பூனைக்கும் காட்டினார். அது கொட்டாவி விட்டது.

ஆனால் விதிகளை எழுதிய சிவாஜினி ஒன்றை மறந்துவிட்டாள். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான், மீன் இறைச்சி கிடையாது. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். சாரதாதேவியைப் பொறுத்தவரை வீட்டுக்குள் மூச்சு விடும் எல்லாருக்கும் அது பொருந்தும். வியாழன் இரவே மீன் வாசனை அடிக்கும் பூனைத்தீனிப் பொட்டலத்தின் வாயை ரப்பர்பேண்டால் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். வெள்ளியன்று பூனைக்குப் பூசணிக்காயும் பருப்பும் பிசைந்த சோறு. டோஃபு என்ற சோயாக்கட்டிப் பெயரைச் சுமந்துகொண்டிருந்த அந்தப் பிராணி, தட்டை முகர்ந்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்க்கும். பிறகு நடந்து போய்விடும்.

எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வெள்ளிதோறும் பன்னிரண்டு மணிக்குமேல் பூனை வீட்டில் இருக்காது. மூன்று மணிக்கு மீசையை நக்கிக்கொண்டு தையல் இயந்திரத்தின் மேல் இருக்கும். தியாகராஜா இதை நான்கு மாதங்களாகக் கவனித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்கு ஒரு மௌனம் இருப்பதுபோல் அதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்த மௌனத்தைக் கலைத்தது பெர்னடெட். ஒட்டிக் கட்டிய ஒரே வரிசையில் இரண்டு வீடு தள்ளி, பதினைந்தாம் எண்ணில் குடியிருப்பவர். நடுவில் இருக்கும் பதிமூன்றாம் எண் வீட்டுக்காரர்கள் ஜொகூருக்குப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு சனிக்கிழமை காலை தாமான்வாசிகளின் வாட்சப் குழுவில் அவர் ஒரு படம் போட்டார். சமையலறை, சுவரில் திருஇருதய ஆண்டவர், அடியில் ஒரு தட்டு, தட்டில் பொரித்த கெம்போங் மீன், மீனின்மேல் ஒரு வெள்ளைத் தலை. கீழே, எங்கள் பீட்டர், வெள்ளிக்கிழமை தவறாமல் வருவான், எங்களைப்போலவே அன்றைக்கு இறைச்சி தொடவே மாட்டான், என்று எழுதியிருந்தார்.

குழுவிலிருந்து விலக மறந்திருந்த சிவாஜினி கோலாலம்பூரில் அதைப் பார்த்தாள்.

அவள் தொலைபேசியில் சொன்னதன் சுருக்கம் இது. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள். பூனை வெளியே போவது உண்மையானால் கையோடு கொண்டுபோய்விடுவாள். இப்போது இருக்கும் இடத்தில் பூனைக்கு அனுமதி உண்டு. பதினேழாவது மாடி, திறக்கவே முடியாத சன்னல்கள். தியாகராஜா காதில் போனை வைத்தபடி தையல் இயந்திரத்தைப் பார்த்தார். அதன் மேல் ஒன்றுமில்லாமல் எதிரே தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாலையில் பதினைந்தாம் எண்ணுக்குப் போனார். பெர்னடெட்டின் கணவர் ஸ்டானிஸ்லாஸ் வாகனமோட்டக் கற்றுக்கொடுப்பவர். வாசலில் தன் பழைய கஞ்சில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தியாகராஜா நின்றார். வெகுநேரம் நின்றார். கடைசியில் "பூனை" என்றார்.

ஸ்டானிஸ்லாஸுக்கு அது போதும். பீட்டரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். மீன்பிடிக்கிற அப்போஸ்தலரின் பெயர் வைத்தது தான்தான் என்றார். பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், பெர்னடெட் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுத் திரும்பினால் பின்னால் உட்கார்ந்திருப்பான் என்றார். மற்ற ஆறு நாளும் எங்கே இருப்பான் என்று கேட்டபோது பெருமையோடு கையை விரித்தார். லகாட் ஊராக இருக்கலாம், கோப்பெங் ஊராகவும் இருக்கலாம், ஆண்பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாதாம்.

அது தன் மகளின் பூனை, வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாத பூனை என்று தியாகராஜா தெரிவித்ததும் ஸ்டானிஸ்லாஸ் துணியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, முப்பது வருஷமா வண்டி சொல்லிக் குடுக்கிறேன். ரோட்டுக்கே விடாம யாருக்காச்சும் லைசென் கெடச்சிருக்கா? உள்ளாரயே பூட்டி வச்சா அது பூனை இல்ல லா, குஷன்."

தியாகராஜா அதை யோசித்தார். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதும் யோசித்தார். குஷனாக இருப்பதில் என்ன குறை என்று அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளியன்று காலை ஒன்பது மணிக்கே சிவாஜினி வந்து இறங்கினாள். கையில் பூனைக் கூண்டு. அப்பாவை நம்பாமல் தானே எல்லாக் கதவுகளையும் பூட்டினாள், சன்னல்களை அடைத்தாள், கிரில்லின் இடுக்குகளில் பழைய செய்தித்தாளைத் திணித்தாள். சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று ஸ்டானிஸ்லாஸ் அன்றைய மாணவியின் பாடத்தை ரத்து செய்துவிட்டு, பின்சந்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தன் பீட்டர் எந்தப் பூட்டையும் மீறி வருவான் என்று அவருக்குத் தெரியும். வரும் அழகைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினொன்றரைக்குச் சாரதாதேவி பூசணிக்காய்ச் சோற்றை வைத்தார். டோஃபு முகர்ந்தது. அவரை ஏறிட்டுப் பார்த்தது. நடையைக் கட்டியது. சிவாஜினி வாசலுக்கு ஓடினாள். தியாகராஜா பின்கதவைப் பார்த்தார். சாரதாதேவி கிரில்லுக்கு முன்னால் நின்றார். மூவரும் மூச்சுக்கூட விடாமல் ஒரு மணி நேரம் காவல் காத்தார்கள். எந்தப் பூனையும் எந்தப் பக்கமும் வரவில்லை.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. பெர்னடெட். பீட்டர் வந்துவிட்டானாம்.

ஸ்டானிஸ்லாஸ் பின்சந்தில், அடைத்த சன்னலுக்கு வெளியே நின்று, மாதாமேல் ஆணையாக ஒரு பல்லிகூடத் தன்னைக் கடந்து போகவில்லை என்று சொன்னார். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. சிவாஜினி அப்பாவை, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வேறு சாவி வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். பதில் வராததால், வெளியிலிருந்து ஒவ்வொரு பூட்டையும் சோதித்துவிட்டுப் பதினைந்தாம் எண்ணுக்குப் போவதாகச் சொல்லிக் கூண்டோடு புறப்பட்டாள்.

தியாகராஜா மட்டும் நடுவீட்டில் நின்றார். ஒரு நிலத்தில் அளவு தப்பினால் அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். அளக்காமல் விட்ட மூலை எது என்று பார்த்தார். அப்படி ஒன்றுதான் இருந்தது, சாமான் அறை. சன்னல் இல்லாததால் அங்கே யாரும் காவல் நிற்கவில்லை. உள்ளே அவர் வாசித்து முடித்த புத்தகங்கள், சாரதாதேவி கூடத்திலிருந்து துரத்திவிட்டவை, சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. அடியில் கனத்தவை, மேலே போகப் போக மெலிந்தவை. ஒவ்வோர் அட்டையிலும் வெள்ளை முடி. உச்சிப் புத்தகத்துக்கு ஒரு முழம் மேலே சீலிங்கில், தண்ணீர்த்தொட்டி பழுதுபார்க்க வந்தவர் நான்கு மாதத்துக்கு முன் சரியாக மூடாமல் போன சதுரப் பலகை.

தான் வாசித்த வாசிப்பெல்லாம் யாருக்குப் பயன்பட்டது என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

ஏணி வைத்து, டார்ச் விளக்கோடு கூரைக்குள் தலையை நீட்டினார். வீடு கட்டியவர்கள் சுவரைச் சீலிங்வரை எழுப்பிவிட்டு, அதற்குமேல் யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள். பதினொன்று, பதிமூன்று, பதினைந்து, மூன்று வீட்டுக்கும் மேலே ஒரே இருட்டு மண்டபம். மாநிலம் முழுக்க எல்லைக்கல் நட்ட மனிதரின் தலைக்குமேல் எல்லையே இல்லை. நாற்பது வருடத் தூசியில் சின்னச் சின்னக் காலடிகள் ஒரு பாதை போட்டிருந்தன. அவர் போட்ட எந்தக் கோடும் அத்தனை நேராக இருந்ததில்லை. கடைசியில் ஒரு சதுர வெளிச்சம். அங்கிருந்து மீன் பொரியும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அறுபத்தெட்டு வயதில் மனிதர்கள் செய்யாத காரியத்தை அவர் செய்தார். உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போனார். மழையில் ஊறி உடைந்துபோன பலகையின் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். குளிர்பதனப் பெட்டிக்கு நேர் மேலே இருந்தார். அடியில் பூனை தின்றுகொண்டிருந்தது. பெர்னடெட் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, சீலிங்கில் ஒட்டடையோடு ஒரு தலையைப் பார்த்ததும் இன்னொரு முறை போட்டுக்கொண்டார். பிறகுதான் முகம் அடையாளம் தெரிந்தது.

"வாங்கண்ணே," என்றார். "ஆனா இன்னைக்கு மீனு மட்டும்தான்."

சிவாஜினி கூண்டோடு உள்ளே நுழைந்தது அப்போதுதான். பின்னால் ஸ்டானிஸ்லாஸ். அவள் நேராகப் பூனையிடம் போய்க் குனிந்து, அதன் இடுப்பில் கை வைத்தாள். மேலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை, நீ எழுதினதை நான் ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன். கதவு, சன்னல், கிரில். மூண்டையும் பூட்டினது நீதான். திறப்பு உன்ரை கழுத்திலை கிடக்கு. இது லொறிக்கு முன்னாலை போகேல்லை. பாம்புக்குக் கிட்டப் போகேல்லை. ஒரு துளி மழை மேலை படேல்லை. ஒரு வீட்டுக்குள்ளையிருந்து இன்னொரு வீட்டுக்குள்ளை வந்திருக்கு. இதுக்குள்ளை எங்கை இது வெளியிலை போனது?"

பூனைகூடத் தின்பதை நிறுத்தியிருந்தது. அந்தக் குரலை அது இவ்வளவு நீளத்துக்குக் கேட்டதே இல்லை.

"நான் கதைக்காமல் இருக்கேக்கை என்னோடை இருக்கிறது இது ஒண்டுதான்," என்றார் தியாகராஜா. "கொண்டுபோகாதை."

சிவாஜினி வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அவருடைய மகள்; அவளுக்கும் மௌனம் வரும். பிறகு பூனையை விட்டுவிட்டு, அந்த விதியைத் தான் சரியாக எழுதவில்லை என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பியதும் குளிர்பதனப் பெட்டியில் நான்காவதாகப் பேனாவால் ஒன்று சேர்த்தாள். பதினைந்தாம் எண்ணும் வீடாகவே கருதப்படும். மாலையில் கோலாலம்பூருக்குத் திரும்பும்போது கூண்டுக்குள் அம்மா கொடுத்த இரண்டு பொமலோ பழங்கள் இருந்தன.

உண்மையில் அடிபட்டுப் போனவர் ஸ்டானிஸ்லாஸ்தான். ஏணி பிடித்துத் தியாகராஜாவை இறக்கிய பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இவன் ரோட்டையே பார்த்ததில்லையாண்ணே? ஒரு நாள்கூட?"

தியாகராஜா தலையை ஆட்டினார். ஸ்டானிஸ்லாஸ் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பூனை இருவருக்கும் நடுவில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மூவரும் அப்படியே அரைமணி நேரம் இருந்தார்கள். இந்த மனிதரிடம் இப்படி ஒரு மௌனம் இருக்குமென்று தியாகராஜா நினைத்ததில்லை. நல்ல மௌனம்தான்.

அடுத்த வெள்ளி பதினொன்றரைக்கு, சாரதாதேவி இரண்டு தட்டுகளில் பூசணிக்காய்ச் சோறு வைத்தார். பூனை முகர்ந்துவிட்டு நடந்தது. சற்று நேரத்தில் பிரம்பு நாற்காலியும் காலியானது. சாமான் அறையில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது. சீலிங்குக்கு மேலே முதலில் இலேசாக நான்கு கால்கள் போயின. பின்னால் கனமாக இன்னொரு நான்கு.

சாரதாதேவி நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டால் வெளியிலை போகேல்லை எண்டு சொல்லுவியள், என்ன?"

மேலே தவழ்வது ஒரு கணம் நின்றது.

"ஓம்," என்றது சீலிங்.