சொங்கோக்குக்குள் கருகமணி

எங்கள் காக்கா அப்துல் கய்யூமுக்குச் சத்தம் அதிகம், தைரியம் குறைவு. காஜா பெராங் வட்டாரத்தில் மளிகைக்கடை நடத்துகிற ஆள், கரப்பான்பூச்சியைக் கண்டால் மச்சியைத்தான் கூப்பிடுவார். மச்சி என்றால் அவர் மனைவி ஷரீஃபா. கூடப் பிறந்த தங்கை நான் சொல்கிறேன், அந்த மச்சி இல்லாவிட்டால் காக்கா ஒன்றுக்கும் ஆகமாட்டார்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்காகத் தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த சமயம், மச்சியின் மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. என்னிடம் மட்டும் சொன்னார். நான் அன்றைக்கே காக்காவிடம் போட்டு உடைத்துவிட்டேன். அந்தக் கோபத்தில் மச்சி என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று, கட்டியை எடுக்கிற அன்று அவர்கள் இருவரோடும் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

அங்கே சாரதாம்பாள் என்ற நர்ஸ் மிஸ்ஸி தமிழில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"மயக்க மருந்து குடுப்பாங்க, வலி தெரியாது. இன்னிக்குக் கட்டிய மட்டும் எடுத்து, சோதிக்கிறதுக்கு கோலாலம்பூருக்கு அனுப்புவாங்க. முழிச்சதும் தையல் இருக்கும், கையத் தூக்குனா கொஞ்ச நாளைக்கு இழுக்கும். ஒங்களக் கேக்காம வேற எதையும் எடுக்க மாட்டாங்க."

மச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கழுத்தில் உள்ளதைக் கழற்றச் சொன்னதும் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

"கருகமணியக் கழட்ட மாட்டேன் மிஸ்ஸி. நிக்காஹ் அன்னிக்குப் போட்டது. புருசன் மவுத்தா போனாத்தான் இதக் கழட்டுவாங்க. கட்டி இருந்தா இருந்துட்டுப் போவுது. மும்தாஜ், வா, வீட்டுக்குப் போவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அதை அறுத்திருப்பேன். காக்கா மச்சியின் பின்னால் போய் நின்றார். கொக்கியை விடுவித்தார். தலையிலிருந்த கறுப்பு சொங்கோக் தொப்பியை எடுத்து, கருகமணியை அதற்குள் சுருட்டி வைத்து, மறுபடி தலையில் போட்டுக்கொண்டார்.

"ஒன் பயமெல்லாம் என் உசுருக்குத்தானே புள்ள? நானே வச்சிருக்கேன். நீ வர்ற வரைக்கும் தொப்பிய எடுக்க மாட்டேன். போயிட்டு வா."

எடுக்கவுமில்லை. வராந்தா வெக்கையில் காதோரம் வேர்வை வழிந்தது. நான் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடம் சுமக்கிறவர் போலத் தலை அசையாமல் குடித்தார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மயக்கம் தெளிந்ததும் மச்சியின் கை மார்புக்குப் போகவில்லை, கழுத்துக்குத்தான் போனது. காக்கா குனிந்து தொப்பியைக் கழற்றி, கருகமணியை எடுத்துப் போட்டுவிட்டார்.

"ஒரே தலை எண்ணெ வாடை," என்றார் மச்சி. அந்த இருவர் மேலும் எனக்கு அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

கொடிகள் வெளுக்கத் தொடங்கிய நேரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய். மார்பை எடுத்தாக வேண்டும்.

"சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, அது நல்லதும்மா," என்றார் மிஸ்ஸி. மச்சி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து என் மடியில் படுத்து அழுதார். காக்கா கடையைத் திறக்கவே இல்லை.

ஆபரேஷன் அன்று அதே கட்டில். காக்கா சுவரோடு ஒட்டி நின்றார். மிஸ்ஸி வாயைத் திறக்குமுன் மச்சி தானே கொக்கியை விடுவித்து, கருகமணியைக் கையில் வைத்துக்கொண்டு காக்காவைப் பார்த்தார்.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? இங்க வந்து தொப்பியக் கழட்டுங்க."